‘ஐடல்’ என்ற சொல்லும் நம் சாமியும்

காங்கேயம் பக்கத்தில் உள்ள தங்கள் குலதெய்வக் கோயிலின் குடமுழுக்கு மலரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்ப் பகுதியில் ‘விக்கிரகம்’ என்றும் ஆங்கிலப் பகுதியில் ‘ஐடல்’ என்றும் போட்டிருந்ததைப் பார்த்த பங்காளிகளில் மூத்தவர் ஒருவர், “நம்ம சாமியப் போயி இப்படி எழுதலாமுங்களா?” என்று வருத்தப்பட்டதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆங்கிலச் சொல்லில் குறை உண்டா, அதற்கு நேரான தமிழ்ச் சொல் எது என்பவை உங்கள் கேள்விகள். பெரியவரின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. நேரான ஒற்றைத் தமிழ்ச் சொல்லோ கிடையாது. ஆங்கிலச் சொல், வணங்காதவர் எட்ட நின்று பார்த்து இட்ட பெயர். தமிழிலுள்ள சொற்கள், அந்த உருவத்தோடு நாம் என்ன உறவு வைத்திருக்கிறோமோ அதற்கு ஏற்ப மாறிக்கொண்டே இருப்பவை.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். அதன் மூலம் கிரேக்க மொழியின் ‘எய்தோலோன்’. உருவம், நிழலுரு, கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு அகப்படாத தோற்றம் என்பவை அதன் பழைய பொருள்கள். ஹோமரின் காவியங்களில் இறந்தவர்களின் நிழலுருவை அந்தச் சொல் குறிக்கிறது. யூதர்களின் திருநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், பிற மக்கள் வணங்கிய தெய்வ உருவங்களைக் குறிக்க இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வெறும் தோற்றம், உள்ளே ஒன்றும் இல்லாதது என்ற குறிப்பு அதில் ஏற்கெனவே இருந்தது அவர்களுக்குப் பொருத்தமாக அமைந்தது. இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ‘பொய்த் தெய்வத்தின் உரு’ என்ற பொருளோடுதான் அது வந்தது. இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய ஒப்பீடு போதும். கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் தாங்கள் முத்தமிட்டு வணங்கும் திருவுருவப் படத்தை ‘ஐகான்’ என்பார்கள்; அதுவும் ‘உருவம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்தான். தன்னுடையது ஐகான், அடுத்தவனுடையது ஐடல். அகராதியில் அடுத்தடுத்து நிற்கக்கூடிய இரண்டு சொற்களுக்கு நடுவே இத்தனை பெரிய வேலி இருக்கிறது.

பிற்காலத்தில் அந்தச் சொல் வேறு திசைகளிலும் போயிற்று. பிரான்சிஸ் பேக்கன் 1620இல் வெளியிட்ட ‘நோவம் ஆர்கனம்’ என்ற நூலில், மனித அறிவை மயக்கும் பொய்த் தோற்றங்களை நான்காகப் பிரித்து, இனத்தின் ஐடல், குகையின் ஐடல், சந்தையின் ஐடல், அரங்கின் ஐடல் என்று பெயரிட்டார். அவற்றில் சந்தையின் ஐடல் என்பது, நாம் கொடுத்து வாங்கும் சொற்களே நம்மை ஏமாற்றுவது. உங்கள் மலரில் நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன். இன்றைய பேச்சில், மனத்துக்குப் பிடித்த நடிகரையோ ஆட்டக்காரரையோ பாடகரையோ ‘என்னோட ஐடல்’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். 2004இல் ‘இந்தியன் ஐடல்’ தொலைக்காட்சிக்கு வந்த பிறகு அந்தப் பொருள் வீடுதோறும் பரவிவிட்டது. அந்த இடத்தில் தமிழில் ‘ஆதர்சம்’ என்றோ ‘முன்மாதிரி’ என்றோ எழுதுவதே சரி. ‘சிலை’ என்று பெயர்த்தால் பிழையாகிவிடும். ஏனென்றால் தமிழில் ஒருவரைச் சிலை என்றால் அழகையோ அசைவின்மையையோதான் சொல்கிறோம். ‘செதுக்கி வச்ச சிலையாட்ட இருக்கறா’ என்பது அழகு. ‘சிலையா நிக்கறான்’ என்பது திகைப்பு. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பட்டறையில் ‘மோட்டார் ஐடில்ல ஓடுது’ என்கிறோமே, அந்தச் சொல் வேறு வேரிலிருந்து வந்தது, ஐடலோடு எந்த உறவும் இல்லாதது. ‘ஐடியா’வும் ‘ஐடிய’லும்தான் பார்த்தலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து பிறந்த உறவினர்கள்.

இனி நம் சொற்களுக்கு வருகிறேன். ‘சிலை’ என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த பொதுச் சொல் என்றாலும், பழந்தமிழைப் படிக்கிறவர் அங்கே முதலில் சந்திப்பது வேறொரு சிலையை. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு சுந்தரர் திரும்பி வரும் வழியில், சிவகணங்கள் வேடர் உருவில் வந்து அவற்றைப் பறித்துக்கொண்டதாகச் சொல்லப்படும் இடம் நம் அவிநாசிக்குப் பக்கத்திலுள்ள திருமுருகன்பூண்டி. அங்கே அவர் பாடிய பதிகம் ‘கொடுகு வெஞ்சிலை வடுக வேடுவர்’ என்று தொடங்குகிறது. இந்த வரியில் சிலை என்பது வில். வளைந்த கொடிய வில்லை ஏந்திய வேடுவர் என்பது பொருள். தெய்வ உருவத்தைக் குறிக்கும் சிலையோ, கல்லைக் குறிக்கும் ‘சிலா’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. எந்த ஊரில் சுந்தரர் சிலை என்ற சொல்லால் வில்லைப் பாடினாரோ அதே பூண்டியில் இன்று வரிசையாகச் சிற்பக் கூடங்கள் இருக்கின்றன, அவிநாசி சாலையில் போகிறவர்களுக்கு உளிச் சத்தம் கேட்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும். கல் என்று பொருள்பட்ட அந்தச் சொல் பின்னர் விரிந்து, வெண்கலச் சிலை, களிமண் சிலை என்று கல் அல்லாதவற்றையும் தழுவிக்கொண்டது.

அந்தக் கூடங்களில் ஒன்றில் ஒருநாள் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மூன்றடி உயரத்தில் ஓர் அம்மன், முகமும் மார்பும் முடிந்து, கால் பகுதி இன்னும் கட்டிக்கல்லாகவே இருந்தது. வேலை செய்தவர் கல்லின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் உளியைப் பிடித்திருந்தார். கல்தூளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். உதவிக்கு நின்ற பையனிடம் “கல்லத் திருப்பு” என்றார். பக்கத்தில் முடிந்து நின்ற முருகனைக் காட்டி, “அந்தச் செலை மதுரப் பக்கம் போவுதுங்க” என்றார். கண் மட்டும் ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். “அது கோயல்ல வச்சுத் தொறக்கோணுமுங்க. தொறந்துட்டா அப்பறம் அது சாமிங்க, நாங்க காலு வெக்க முடியாதுங்” என்றார். கல், சிலை, சாமி என்று ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள், ஒரே மனிதர் வாயிலிருந்து, கால்மணி நேரத்துக்குள் வந்தன. எந்த நிலையில் எந்தப் பெயர் என்பதில் அவருக்குத் துளியும் குழப்பம் இல்லை. அகராதிகள் இந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

இந்த மாற்றத்தை வழிபாட்டு முறை படிப்படியாக நடத்துகிறது. உருவத்தை நீரில் வைப்பது, தானியத்தில் வைப்பது, கண் திறப்பது, பீடத்தில் நிறுத்தி, பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்து சாத்துவது, கும்ப நீரை ஊற்றுவது என்று ஒவ்வொன்றாக நடக்கிறது. இதில் நீரில் வைப்பது மிகவும் பழமையானது. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் வரிசை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்பது. கண்ணகிக்காகச் சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கொண்டுவந்ததும், கங்கையில் நீராட்டியதும் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் இதே வரிசையில்தான் வருகின்றன. கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் அந்த நங்கைக்கு விழா எடுத்தார்கள் என்று அந்நூலின் உரைபெறு கட்டுரை சொல்வதையும் நம் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டும்.

‘விக்கிரகம்’ என்ற சொல்லில் ஒரு குற்றமும் இல்லை. உடல், வடிவம் என்பது அதன் பொருள். இலக்கணத்தில் தொகைச் சொல்லைப் பிரித்துக் காட்டுவதற்கும் அதே பெயர் உண்டு. அரசியலில் சந்தி என்றால் சமாதானம், விக்கிரகம் என்றால் போர். கோயில் வழக்கில் பெரும்பாலும் உலோகத்தில் வார்த்த, எடுத்துச் செல்லக்கூடிய திருவுருவத்தை விக்கிரகம் என்கிறோம். கருவறையில் அசையாது நிற்பவரை மூலவர் என்றும் திருவீதி வருபவரை உற்சவர் என்றும் வேறுபடுத்துகிறோம். ஆனால் இந்தச் சொல்லுக்கு நம் ஊரிலேயே இன்னொரு வாழ்க்கையும் உண்டு. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில், பத்துக் கட்டளைகளில் ஒன்று ‘சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும்’ உண்டாக்க வேண்டாம் என்று வருகிறது. அதைப் படித்து வளர்ந்தவர் காதில் ‘விக்கிரகம்’ என்பது ஆங்கில ‘ஐடல்’ போலவே ஒலிக்கும். அதே கட்டளையில் விலக்கப்பட்ட ‘சொரூபம்’ என்ற சொல்லையோ, கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் தேர்த் திருவிழாவுக்குப் போகிற கத்தோலிக்கர்கள் ‘மாதா சுரூபம்’ என்று பக்தியோடு சொல்கிறார்கள். ஆகவே சொல்லின் நிறம் வேரில் இல்லை, சொல்லுகிறவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் படிக்கும் கட்டுரையானால் ‘திருவுருவம்’, ‘உருவ வழிபாடு’ என்று எழுதுவது யாருக்கும் உறுத்தாது.

பழைய கல்வெட்டுகள் இந்த இடத்தை அழகாகக் கையாண்டிருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ‘செப்புப் பிரதிமம்’ என்று பெயர் சொல்லி, அடி முதல் முடி வரை இத்தனை விரல் உயரம் என்று அளந்து கணக்கு எழுதுகின்றன. ஆனால் வினைச்சொல் வரும்போது ‘எழுந்தருளுவித்த’ என்று எழுதுகின்றன. பெயரில் கணக்கு, வினையில் பக்தி. பழனிக்கு மேற்கே ஐவர்மலையில் உள்ள கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சமண முனிவர் ஒருவர் அங்கிருந்த புடைப்புருவங்களைப் புதுப்பித்ததை அது பதிவு செய்கிறது. ‘பார்சுவநாதர் சிலையைப் புதுப்பித்தார்’ என்று எழுதாமல், பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுக்கியதாகவே எழுதுகிறது. இடையில் சிலை என்ற சொல்லே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

எழுத்துத் தமிழில் இதற்கென ஒரு கருவியும் இருக்கிறது. திணையைத்தான் சொல்கிறேன். ‘கருவறையில் சிலை இருக்கிறது’ என்று எழுதலாம், ‘கருவறையில் பட்டீசுவரர் எழுந்தருளியிருக்கிறார்’ என்றும் எழுதலாம். முதல் வாக்கியம் அஃறிணை, இரண்டாவது உயர்திணை. ஆங்கிலத்தில் ஐடல் என்று எழுதிய கையோடு அடுத்த வாக்கியத்தில் அஃறிணைக்குரிய ‘இட்’ வந்துவிடுகிறது. பெரியவரைப் புண்படுத்தியது பெயர்ச்சொல்லைவிட அந்த ‘இட்’ ஆகவும் இருக்கலாம். பேச்சு வழக்கில் ‘சாமி பொறப்பட்டுருச்சு’ என்று நாம் அஃறிணையில் சொல்வது வேறு. அது வீட்டுக் குழந்தையைச் சொல்வது போன்ற நெருக்கம், அதில் குறைவு ஏதும் இல்லை.

உருவம் இருந்தாலே வழிபாடு உண்டு என்றும் இல்லை. பேரூர்க் கனகசபை மண்டபத் தூண்களில் உள்ள ஊர்த்துவ தாண்டவரையும் யானையுரித்தவரையும் பார்த்து மலைக்காதவர் இல்லை. இருந்தும் அவற்றைச் சிற்பம் என்றுதான் சொல்கிறோம், விக்கிரகம் என்பதில்லை. நவராத்திரிக் கொலுவில் இருக்கும் முருகன் பொம்மை. அருங்காட்சியகத்தில் இருப்பவர் படிமம். குயவர் வனைந்து தர, வேண்டுதலுக்காகக் கோயிலில் வைக்கும் மண்மாடும் மண்குழந்தையும் உருவாரம். அவை நாம் சாமிக்குக் கொடுப்பவை, கும்பிடுவதற்கு உரியவை அல்ல. உங்கள் மலரில் உருவாரங்களின் படத்துக்குக் கீழேயும் ‘ஐடல்’ என்று போட்டிருப்பதாகத் தெரிகிறது. அதைக் கட்டாயம் மாற்றுங்கள்.

இதற்கு மறுபக்கமாக, உருவமே இல்லாமல் முழுத் தெய்வமாக நிற்பவை நம் கொங்கு நாட்டில் ஏராளம். கரூர் மாரியம்மன் திருவிழாவில் முக்கவராக வெட்டிய மரத்தைக் கம்பமாக நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டுகிறோம். நாள்தோறும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். அதை அம்மனின் கணவர் என்றே மக்கள் சொல்கிறார்கள். விழா முடிவில் பிடுங்கி அமராவதி ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். கண், மூக்கு, முகம் எதுவும் இல்லாத அந்த மரத்தை எந்த ஆங்கிலச் சொல்லுக்குள் அடைப்பது? பட்டினப்பாலையில் ‘கந்துடைப் பொதியில்’ என்று வரும் கந்து, அதாவது தெய்வம் உறையும் தூண், இந்தக் கம்பத்துக்கு மூத்த உறவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘உருவம்’ என்ற பொருளிலிருந்து பிறந்த ஐடல், உருவமற்ற இந்தக் கம்பத்தின் முன் கை விரித்துவிடுகிறது.

சட்டமும் இதே கேள்வியில் நின்று யோசித்திருக்கிறது. ஈரோட்டில் பிறந்த பெரியார், 1953ஆம் ஆண்டு மே 27 அன்று திருச்சியில் களிமண் பிள்ளையார் ஒன்றைப் பொதுவிடத்தில் உடைத்தார். கடையில் வாங்கிய, பிரதிட்டை செய்யப்படாத மண்ணுரு எப்படிப் புனிதப் பொருளாகும் என்ற எண்ணத்தில் கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தாலும், அந்த விளக்கம் மட்டும் தவறு என்றது: பிரதிட்டை ஆகியிருக்க வேண்டியதில்லை, மக்களில் ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும், அது எவ்வளவு சிறியதானாலும், சட்டம் சொல்லும் புனிதப் பொருளில் அடங்கும் என்று விளக்கியது. உடைத்தவருக்கு அது பொம்மை, வழக்குத் தொடுத்தவருக்குத் தெய்வம். அந்த வழக்கின் உயிர்நாடியே பெயர் சூட்டலில்தான் இருந்தது.

ஆகவே ஐடல் என்ற சொல்லை முற்றிலும் விலக்க முடியுமா என்றால், முடியாது. இந்தியச் சட்ட ஆங்கிலத்தில் அது வசையாக இல்லாமல் நடுநிலைச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள், அதற்குச் சொத்தும் வழக்குரிமையும் உண்டு என்று அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1925இல் சொன்னபோது பயன்பட்ட சொல்லும் அதுதான். தமிழ்நாடு காவல்துறையில் 1983இல் தொடங்கிய சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் ‘ஐடல் விங்’. பத்தூர் நடராசரை மீட்க லண்டன் நீதிமன்றத்தில் நடந்து 1991இல் முடிந்த வழக்கிலும் இச்சொல் இருந்தது. புகார் மனு, சொத்துப் பட்டியல், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றில் நீங்களும் தயங்காமல் அதை எழுதலாம். அங்கே தேவைப்படுவது அளவும் எடையும் அடையாளமும்.

மலர் அப்படிப்பட்ட தாள் அன்று. அது உங்கள் கூட்டத்தார் தங்கள் சாமியைப் பற்றித் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது. வெளிநாட்டில் வளர்ந்து தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பக்கம்தான் குலதெய்வத்தின் முதல் அறிமுகம். அவர்களுக்கு அந்நியர் வைத்த பெயரால் அறிமுகம் செய்ய வேண்டாம். ஆங்கிலத்தில் தெய்வத்தின் பெயரையே எழுதுங்கள். பொதுச் சொல் வேண்டிய இடத்தில் ‘டீட்டி’ அல்லது ‘மூர்த்தி’ என்று எழுதி, ‘இட்’ வராமல் வாக்கியத்தை அமைத்துக்கொள்ளுங்கள். தமிழில் மூலவர், உற்சவர், செப்புத் திருமேனி என்று இடத்துக்கு ஏற்ப எழுதலாம்; விக்கிரகம் என்பதையும் விட்டுவிட வேண்டியதில்லை. திருப்பணியின் போது மாற்றிய பழைய கல்லைப் பற்றிய பத்தியில் ‘உடைந்த சிலை’ என்று வருகிறது. அதைப் ‘பின்னமான திருமேனி’ என்று திருத்துங்கள், கோயில் வழக்கு அதுதான். வாசலில் உள்ள கொடையாளரின் மார்பளவு உருவத்துக்கு மட்டும் ‘சிலை’ என்பதே பொருத்தம், ஆங்கிலத்தில் ‘ஸ்டேச்சு’.

ஊஞ்ச மரத்தடியில் மஞ்சள் பூசி நிற்கும் ஏழு கற்களின் படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாரு அதே போன்ற கற்களுக்கு முன்னால் என்னை நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கைகாட்டிப் பெயர் சொன்னார். கல் என்ற சொல் அவர் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. ‘கன்னிமார் எழுவர்’ என்று தமிழிலும், அதே பெயரை ஆங்கில எழுத்தில் அதன் கீழேயும் போட்டால் போதும்.